ஸ்கேன்ல 'வெள்ளைத் திட்டு'ன்னு வந்தா என்ன பண்ணணும்? வயசானவங்க மூளையும் மனசும்: வாசகர் கேள்வி பதில்

முதியோர் மனநலம் பத்தி கேள்வி அனுப்பச் சொல்லி போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல ஒரே ரகம்தான். வீட்ல யாருக்கோ தலைக்கு எம்ஆர்ஐ எடுத்திருக்காங்க, ரிப்போர்ட்ல "ஸ்மால் வெஸல் இஸ்கீமிக் சேஞ்சஸ்"னு (சின்ன ரத்தக்குழாய்ல ரத்த ஓட்டம் குறைஞ்சதால வந்த மாற்றம், ஸ்கேன்ல வெள்ளைத் திட்டா தெரியறது) ஒரு வரி இருக்கு, டாக்டர் "வயசானா வர்றதுதான்"னு சொல்லி அனுப்பிட்டாரு, ஆனா வீட்டுக்கு வந்து பாத்தா ஆளு பழைய ஆளா இல்ல. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேத்து, ஏரியா பேரை மட்டும் போட்டு பதில் எழுதியிருக்கேன்.

குரோம்பேட்டை வாசகி: அப்பாவுக்கு 71 வயசு, ரயில்வேல இருந்து ரிடையர் ஆனவரு. ரேஷன், இபி பில்லு, பேரனை ஸ்கூல்ல கொண்டு விடறது எல்லாம் அவர்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு வருஷமா ஈஸி சேரே கதி. பேப்பர் வந்தது வந்தபடி மடிச்சே கிடக்கு. அழறதில்ல, சாகணும்னு எல்லாம் பேசறதும் இல்ல, கேட்டா "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்"ங்கறாரு. குளிக்க வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. அம்மா "வேணும்னே பண்றாரு, சோம்பேறித்தனம்"னு தினம் சண்டை. பிபி, சுகர் ரெண்டும் பல வருஷமா இருக்கு. ஸ்கேன்ல ஃபஸேகஸ் 2ன்னு போட்டிருக்கு. இது டிப்ரஷனா, மறதி நோயோட ஆரம்பமா, இல்ல அம்மா சொல்றதுதானா?

பதில்: அம்மா சொல்றது இல்லம்மா. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா 'சோம்பேறி'ங்கற அந்த ஒரு வார்த்தையால வீட்ல நடக்கற சண்டை, நான் பாக்கற குடும்பங்கள்ல நோயை விட பெரிய தொல்லையா இருக்கு.

மூளையோட எடை நம்ம உடம்புல 2 சதவீதம்தான், ஆனா உடம்பு செலவு பண்ற ஆக்சிஜன்ல சுமாரா 20 சதவீதத்தை அதுவே வாங்கிக்கும். கழுத்து வழியா மேல போற பெரிய ரத்தக்குழாய் கிளை கிளையா பிரிஞ்சு, கடைசியில அரை மில்லிமீட்டர்கூட இல்லாத நுண்குழாய்களா மூளையோட ஆழத்துக்குப் போகுது. வருஷக்கணக்கா பிபி ஏறியே இருந்தா இந்த நுண்குழாய்ச் சுவர் தடிச்சு, விறைச்சு, உள்வழி சுருங்கிடும், சில இடத்துல கசியவும் ஆரம்பிக்கும். சுகரும் சிகரெட்டும் சேந்துட்டா இன்னும் வேகம். மெட்ரோ வாட்டர் மெயின் லைன்ல தண்ணி நல்லா ஓடும், தெருக்கோடி வீட்டுக் குழாய்ல மட்டும் காத்துதான் வரும்ல, அந்தக் கதைதான் இது. மூளையில அந்தத் தெருக்கோடி எதுன்னா, உள்பக்கமா இருக்கற வெள்ளைப் பகுதி, அதாவது ஒரு பகுதியையும் இன்னொரு பகுதியையும் இணைக்கற நரம்பு இழைகள் ஓடற இடம். அங்க ரத்தம் சரியா போகாம சேதமான இடங்கள்தான் எம்ஆர்ஐல பளிச்சுன்னு வெள்ளையா தெரியுது. ஃபஸேகஸ்ங்கறது 1987ல வந்த ஒரு அளவு, 0ல இருந்து 3 வரைக்கும். 1ன்னா அங்கங்க புள்ளி, 2ன்னா புள்ளிங்க ஒண்ணோட ஒண்ணு சேர ஆரம்பிச்சிருக்கு, 3ன்னா பெரிய திட்டா பரவியிருக்கு. அப்பா நடுவுல இருக்காரு.

இப்ப ஈஸி சேருக்கு வருவோம். எழுந்து போய் ஒரு வேலையை ஆரம்பிக்கணும்ங்கற உந்துதல் நம்ம மூளையோட முன்பக்கத்துக்கும் நடு ஆழத்துல இருக்கற பகுதிகளுக்கும் நடுவுல ஓடற இணைப்புகளை நம்பித்தான் இருக்கு. வெள்ளைத் திட்டு விழறது பெரும்பாலும் அந்த ரூட்லதான். அந்த இணைப்பு அங்கங்க பழுதாச்சுன்னா மனுஷனுக்கு எதுலயும் நாட்டம் இருக்காது, ஆனா நாட்டம் இல்லயேங்கற வருத்தமும் இருக்காது. இதை 'அபதி'ன்னு சொல்லுவோம். டிப்ரஷன் வேற. அதுல உள்ளுக்குள்ள ஒரு பாரம் இருக்கும், தூக்கம் கெடும், "நான் எல்லாருக்கும் சுமை"ங்கற நினைப்பு வரும், குற்ற உணர்ச்சி வரும், பேச்சு கொடுத்தா கண்ணு கலங்கும். உங்க அப்பா "நல்லாத்தானே இருக்கேன்"னு சொல்றது பொய் இல்ல, அவருக்கு நிஜமாவே அப்படித்தான் தோணுது. நீங்க எழுதினதை வெச்சு பாத்தா அபதி பக்கம்தான் சாயுது, ஆனா நேர்ல பாக்காம முடிவு சொல்ல மாட்டேன், ஏன்னா ரெண்டும் சேந்தே வர்றவங்க நிறைய பேரு. 1997லயே ஜார்ஜ் அலெக்ஸோபோலஸ்ங்கற அமெரிக்க மனநல டாக்டரும் அவர் கூட வேலை பாத்தவங்களும் 'வாஸ்குலர் டிப்ரஷன்'னு ஒண்ணை எழுதினாங்க, வயசான காலத்துல முதல் தடவையா வர்ற டிப்ரஷன்ல ஒரு பகுதிக்கு மூளை ரத்தக்குழாய் சேதம் காரணமா இருக்கலாம்னு. அந்த வகையில சோகத்தை விட மந்தம்தான் தூக்கலா இருக்கும், யோசனை மெதுவாகும், ஒரு வேலையை வரிசைப்படுத்தி செய்யறது கஷ்டமாகும்.

மறதி நோயான்னு கேட்டீங்க. அதுக்கு ஓபில ரெண்டு சின்ன சோதனை பண்ணுவோம், பாத்தா புரியும். 'மாம்பழம், சாவி, கோயில்'னு மூணு வார்த்தையைச் சொல்லி, அஞ்சு நிமிஷம் வேற பேச்சு பேசிட்டு, திருப்பிக் கேப்போம். அல்சைமர்ங்கற மறதி நோய் இருந்தா பெரும்பாலும் அந்த வார்த்தை உள்ள பதிஞ்சே இருக்காது, "ஒரு பழம் சொன்னேனே"ன்னு எடுத்துக் கொடுத்தாலும் வராது, சில பேரு "எப்ப சொன்னீங்க?"ன்னு கேப்பாங்க. நுண்குழாய் சேதத்துல வார்த்தை உள்ள இருக்கும், எடுக்கத்தான் வராது, "ஒரு பழம்"னு சொன்ன உடனே "ஆங், மாம்பழம்"னு வந்துடும். இன்னொண்ணு, ஒரு நிமிஷத்துல தெரிஞ்ச மிருகம் பேரெல்லாம் சொல்லச் சொல்லுவோம். ஆடு, மாடு, நாய், பூனைன்னு ஆரம்பிச்சு, அப்புறம் வண்டி நின்னுடும், சுவத்தையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, அவசரமும் இருக்காது. வாழ்நாள் பூரா பாத்த மிருகங்க மறந்தா போச்சு? தேடி எடுத்து வரிசையா கொண்டு வர்ற அந்த வேலைதான் மந்தமாயிருக்கு. ஆனா ரெண்டு நோயும் ஒரே ஆள்கிட்ட கலந்தே இருக்கறது வயசானவங்ககிட்ட சகஜம், அதனால இந்தச் சோதனையை வீட்ல பண்ணிப் பாத்து நீங்களே பேரு வெச்சிடாதீங்க.

அப்பாவோட நடையையும் கவனிங்க. சின்னச் சின்ன அடியா வெச்சு நடக்கறாரா, திரும்பணும்னா ஒரே இடத்துல நாலஞ்சு அடி எடுத்து வெச்சு திரும்பறாரா, பாத்ரூமுக்கு அவசரமா ஓடறாரா? இந்த மூணும் இதோட சேந்தே வரக்கூடியது, டாக்டர்கிட்ட நீங்களா சொல்லாட்டி அவரு கேக்காம விட்டுடலாம்.

என்ன செய்யணும்னா, முதல்ல எளிசா சரி பண்ணக்கூடியது ஏதாவது இருக்கான்னு பாத்துடணும்: தைராய்டு, பி12, சோடியம், ஹீமோகுளோபின், கிட்னி, அப்புறம் சுகர் ரொம்ப இறங்கிப் போகுதான்னு. வீட்ல இருக்கற மாத்திரையெல்லாம் ஒரு பைல போட்டு எடுத்துட்டுப் போங்க, முக்கியமா தூக்க மாத்திரையும் சளிக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கற பழைய அலர்ஜி மாத்திரையும், ரெண்டுமே வயசானவங்க மூளையை மந்தமாக்கும். டிப்ரஷன் இருக்குன்னு தெரிஞ்சா அதுக்கு மருந்து உண்டு, ஆனா வெறும் அபதிக்கு அந்த மாத்திரை பெருசா கேக்காது, சில பேருக்கு மந்தம் அதிகமாகவும் செய்யும், அதனாலதான் எதுன்னு பிரிச்சுப் பாக்கறதுக்கு இவ்வளவு மெனக்கெடறோம்.

வீட்ல அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க: "என்ன பண்ணப் போறீங்க?"ன்னு கேள்வி கேட்டா அப்பாகிட்ட இருந்து பதில் வராது, பதில் தயாரிக்கற இடத்துலதானே கோளாறே. சாயங்காலம் அஞ்சரைக்கு அவரோட செருப்பை வாசல்ல எடுத்து வெச்சு, "வாங்க, பால் வாங்கிட்டு வந்துடலாம்"னு கூடவே கிளம்பணும். ஆரம்பிச்சு விட்டா பாதிக்கு மேல அவரே செஞ்சுடுவாரு. தினம் அதே நேரம், அதே ரூட்டு. குளிக்கறதுக்கும் அதேதான், தண்ணி விளாவி, துண்டை கையில கொடுத்து, "வாங்க"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். லெக்சர் அடிச்சா வேலைக்கு ஆகாது.

அம்பத்தூர் வாசகர்: எனக்கு 58. தலைவலிக்கு எடுத்த ஸ்கேன்ல 'சில வெள்ளைப் புள்ளிகள், ஃபஸேகஸ் 1'. பக்கத்து வீட்டுக்காரரு தினம் ஒரு ஆஸ்பிரின் போடச் சொல்றாரு, அவரும் போடறாராம். போடலாமா?

பதில்: பக்கவாதமோ ஹார்ட் அட்டாக்கோ வந்தவங்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கறதுக்கு காரணம் இருக்கு. ஸ்கேன்ல தற்செயலா புள்ளி தெரிஞ்சதுக்காக மட்டும் வேண்டாம் சார். ஐரோப்பிய பக்கவாத மருத்துவர் அமைப்பு 2021ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயே, வெளிய அறிகுறி எதுவும் இல்லாத நுண்குழாய் சேதத்துக்கு இந்த வகை மாத்திரை வேண்டாம்னுதான் சொல்லியிருக்கு. சேதமான நுண்குழாய் அடைக்கவும் செய்யும், கசியவும் செய்யும், ரத்தத்தை இளக்கினா கசிவு அதிகமாகற ஆபத்து இருக்கு, வயித்துல புண்ணு வேற. புள்ளியைப் பாத்து பதறவும் வேண்டாம், நெதர்லாந்துல ராட்டர்டாம்ல 60ல இருந்து 90 வயசு வரைக்கும் இருக்கற 1,077 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்தப்ப புள்ளியே இல்லாதவங்க வெறும் 5 சதவீதம்தான். மைக்ரேன் இருக்கறவங்களுக்கும் புள்ளி வரும். உங்களுக்கு நான் கேக்கற கேள்வி ஒண்ணுதான், கடைசியா பிபி எப்ப பாத்தீங்க? பக்கத்து வீட்டுக்காரருக்கு யாரு எழுதிக் கொடுத்தாங்கன்னும் கேட்டு வைங்க.

வேளச்சேரி வாசகி: மாமியாருக்கு 69. பிபி மாத்திரை சாப்பிட்டு நார்மல் ஆயிடுச்சுன்னு அவங்களே நிறுத்திட்டாங்க. இப்ப 160 இருக்கு, ஆனா "எனக்கு தலை சுத்தல் இல்ல, ஒண்ணும் இல்ல"ங்கறாங்க. மறுபடி ஆரம்பிக்கணும்னா எவ்வளவுல வெக்கணும்? ஒரு டாக்டர் 140 போதும்ங்கறாரு, இன்னொருத்தர் 130க்கு கீழ வரணும்ங்கறாரு.

பதில்: நார்மலா இருந்தது மாத்திரையாலதான், இதை எத்தனை தடவ சொன்னாலும் நம்ம ஊர்ல எடுபடறதில்ல. 160க்கு தலை சுத்தாது, 180க்கே நிறைய பேருக்கு சுத்தாது. சத்தமே இல்லாம குழாயை அரிச்சுக்கிட்டே இருக்கும், பத்து வருஷம் கழிச்சு ஈஸி சேர்ல உக்காந்திருப்பாங்க.

எவ்வளவுங்கற கேள்விக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கு. அமெரிக்காவுல ஸ்பிரிண்ட்னு 9,361 பேரை வெச்சு பண்ணினாங்க, எல்லாரும் 50 வயசுக்கு மேல. சரிபாதிப் பேருக்கு பிபியோட மேல் அளவை 120க்கு கீழ கொண்டு வர்றது, மீதிப் பேருக்கு 140க்கு கீழ. 2019ல அதோட மூளை பத்தின முடிவு வந்துச்சு. 120 குரூப்ல லேசான அறிவாற்றல் குறைபாடு, அதாவது மறதி நோய்க்கு முந்தின படி, 19 சதவீதம் குறைஞ்சிருந்தது, ஸ்கேன்ல வெள்ளைத் திட்டு வளர்றதும் மெதுவாயிருந்தது. முழு மறதி நோயும் கொஞ்சம் குறைவாத்தான் தெரிஞ்சுது, ஆனா இதாலதான் குறைஞ்சுதுன்னு உறுதியா சொல்ற அளவுக்கு அந்த எண்ணிக்கை இல்ல. இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும், சுகர் உள்ளவங்களையும் ஏற்கனவே பக்கவாதம் வந்தவங்களையும் அதுல சேக்கல, அப்புறம் அவங்க பிபி பாத்தது அமைதியா உக்கார வெச்சு மெஷின்ல, நம்ம கிளினிக்ல டோக்கன் கூப்பிட்ட உடனே மூச்சு வாங்க உக்காந்து பாக்கற பிபி இல்ல. அதனால 69 வயசுல திடகாத்திரமா நடமாடறவங்களுக்கு 130க்கு கீழ கொண்டு வரப் பாக்கறது நியாயம்தான், தள்ளாடறவங்களுக்கு, விழுந்து எழுந்தவங்களுக்கு 140ல நிறுத்தறதும் நியாயம்தான். ரெண்டு டாக்டரும் சண்டைக்காரங்க இல்ல.

ஒண்ணு மட்டும் கட்டாயம் கேளுங்க, நிக்க வெச்சு பிபி பாக்கணும். உக்காந்திருக்கறப்ப பாத்து, எழுந்து நின்னு ஒரு நிமிஷத்துலயும் மூணு நிமிஷத்துலயும் பாக்கறப்ப மேல் அளவு 20 இறங்குச்சுன்னா மாத்திரையை யோசிச்சுத்தான் ஏத்தணும். இல்லன்னா ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவங்க தடால்னு விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு வருவாங்க. வீட்ல மெஷின் இருந்தா காபி குடிச்ச உடனே பாக்காதீங்க, அரை மணி போகட்டும், அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு வெச்சு, பேசாம பாக்கணும். மூட்டுவலிக்கு அடிக்கடி போடற வலி மாத்திரையும் பிபியை ஏத்தும், அதையும் சொல்லி வைங்க. மாத்திரை வாங்கறது செலவுன்னு யாராவது நிறுத்தியிருந்தா, 2021ல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'ல வீட்டுக்கே வந்து பிபி, சுகர் மாத்திரை தர்றாங்க, உங்க ஏரியா நகர்ப்புற சுகாதார நிலையத்துல பேரு கொடுத்தா போதும்.

பெரம்பூர் வாசகர்: அம்மாவுக்கு 74, போன வருஷம் லேசா ஸ்ட்ரோக் வந்து சரியாயிடுச்சு. ஆனா சீரியல்ல யாராவது தாலியைத் தொட்டா போதும், தேம்பித் தேம்பி அழறாங்க. அதை விட மோசம், சித்தப்பா சாவுக்குப் போன இடத்துல சிரிச்சுட்டாங்க, நிறுத்தவே முடியல, சொந்தக்காரங்க எல்லாம் ஒரு மாதிரி பாத்தாங்க. பைத்தியம் பிடிச்சிருச்சா?

பதில்: இல்லங்க. அம்மாவுக்கு சித்தப்பா சாவுல துக்கம் இல்லாமயா இருக்கும்? முகத்துல அழுகை, சிரிப்பு வர்றதை அளவா பிடிச்சு வெக்கற கட்டுப்பாடு மூளையோட மேல்பகுதில இருந்து கீழ்த்தண்டுக்கு இறங்குது, ஸ்ட்ரோக்லயும் நுண்குழாய் சேதத்துலயும் அந்தக் கட்டுப்பாடு விட்டுப் போறது உண்டு. அப்ப உள்ள இருக்கற உணர்ச்சிக்கும் வெளிய வர்றதுக்கும் சம்பந்தம் இருக்காது, சின்னத் தூண்டுதல்ல பொத்துக்கிட்டு வரும், கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும். அம்மாவைத் தனியா கேட்டுப் பாருங்க, "எனக்கே புரியலடா, அடக்க முடியல, மானம் போகுது"ன்னுதான் சொல்லுவாங்க. டிப்ரஷன் அழுகை நாள் பூரா நிக்கற சோகத்துல இருந்து வரும், இது அப்படி இல்ல. நல்ல சேதி, டிப்ரஷனுக்கு கொடுக்கற மாத்திரையே குறைஞ்ச அளவுல இதுக்கு நல்லா கேக்கும். நரம்பு டாக்டர்கிட்டயோ மனநல டாக்டர்கிட்டயோ "அடக்க முடியாம அழறாங்க, சிரிக்கறாங்க"ன்னு இதே வார்த்தைல சொல்லுங்க. சொந்தக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சுட்டா பாதி சங்கடம் போயிடும். வர்ற நேரத்துல "அழாதீங்க, அழாதீங்க"ன்னு சொன்னா அதிகமாகும், பேச்சை மாத்துங்க, தண்ணி கொடுங்க, மூச்சை மெதுவா விடச் சொல்லுங்க.

மயிலாப்பூர் வாசகி: எனக்கே 66. ரெண்டு மூணு மாசமா விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, அப்புறம் நெஞ்சு பாரமா இருக்கு. கபாலி கோயிலுக்கு தினம் போனவ, இப்ப மாடவீதி தாண்ட பிடிக்கல. உடம்பெல்லாம் வலி. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, தலை ஸ்கேனும் நார்மல். "ஒண்ணும் இல்ல, மனச தைரியமா வெச்சுக்கோங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ஒண்ணும் இல்லன்னா ஏன் இப்படி இருக்கு?

பதில்: அம்மா, ஸ்கேன் நார்மல்னா மூளையில கட்டி இல்ல, பெரிய சேதம் இல்லன்னு அர்த்தம். மனசு நல்லா இருக்குன்னு எந்த ஸ்கேனாலயும் சொல்ல முடியாது. நீங்க எழுதியிருக்கறது, அதாவது விடியக்காலை முழிப்பு, காலைல அதிகமா தெரியற பாரம், பிடிச்சதுல எல்லாம் பிடிப்பு போறது, காரணம் தெரியாத உடம்பு வலி, இதெல்லாம் சேந்து ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா டிப்ரஷனான்னு பாத்தே ஆகணும். நம்ம ஊர்ல வயசானவங்க "மனசு சரியில்ல"ன்னு சொல்ல மாட்டாங்க, "உடம்பு முடியல"ன்னுதான் சொல்லுவாங்க, டாக்டரும் உடம்பையே தேடித் தேடி டெஸ்ட் எழுதிட்டு விட்டுடறாரு. தைரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நல்லா குணமாகக்கூடிய நோய் இது. மாத்திரை வேலை செய்ய நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், வயசானவங்களுக்கு சில நேரம் இன்னும் கொஞ்சம் கூட ஆகும், ஒரு வாரத்துல கேக்கலன்னு நிறுத்திடாதீங்க. உங்க வயசுல இந்த மாத்திரை சில பேருக்கு சோடியத்தை இறக்கும், அதனால ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்க, பிபிக்கு நீர் மாத்திரை சாப்பிடறவங்களா இருந்தா கட்டாயம். பேசித் தீர்க்கற சிகிச்சையும் நல்லா பலன் தரும்.

"இருந்து என்ன பிரயோஜனம்"ங்கற நினைப்பு எப்பவாவது வந்தா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். முழிப்பு வர்ற அந்த மூணு மணிக்கும் பண்ணலாம்.

ஒரு விஷயம் எல்லாருக்குமே. வெள்ளைத் திட்டு இருந்தா டிப்ரஷன் வர வாய்ப்பு கூடுதுன்னு ஒரு பக்கம், டிப்ரஷன்ல இருக்கறவங்க நடக்கறதில்ல, மாத்திரை ஒழுங்கா போடறதில்ல, பிபி ஏறுதுன்னு இன்னொரு பக்கம். எது முதல்லன்னு தேடிக்கிட்டு இருக்காம ரெண்டையும் சேத்தே பிடிக்கணும். 2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட நிபுணர் குழு மறதி நோய்க்கு தவிர்க்கக்கூடிய காரணங்கள்னு 14 சொன்னதுல உயர் ரத்த அழுத்தம், சுகர், புகை, காது கேக்காம போறது, தனிமை எல்லாம் இருக்கு, டிப்ரஷனும் இருக்கு.

ஆவடி வாசகர்: மூளைக்கு டானிக், ஜிங்கோ மாத்திரை, வல்லாரை இதெல்லாம் இந்த வெள்ளைத் திட்டைக் கரைக்குமா?

பதில்: கரைக்காது. ஜிங்கோவை அமெரிக்காவுல 75 வயசு தாண்டின மூவாயிரம் பேருக்கு மேல கொடுத்துப் பாத்து, மறதி நோயைத் தடுக்கலன்னு 2008லயே சொல்லிட்டாங்க, ரத்தம் இளக்கற மாத்திரையோட சேந்தா ரத்தக்கசிவு பயம் வேற. வல்லாரை துவையல் நல்லா இருக்கும், தாராளமா சாப்பிடுங்க, உப்பை மட்டும் பாத்து போடுங்க, உலக சுகாதார அமைப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழங்குது, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்குலயே வரும். இந்த நோய்க்குன்னே மருந்து தேடற வேலை நடக்குது, பிரிட்டன்ல லாசி-2ன்னு 363 பேரை வெச்சு பழைய ரெண்டு மாத்திரைகளை சோதிச்சு 2023ல நம்பிக்கையான முடிவு வந்திருக்கு, ஆனா இன்னும் பெரிய ஆய்வுல நிரூபிக்கணும். அது வர்ற வரைக்கும் டானிக் காசுல ஒரு நல்ல பிபி மெஷின் வாங்கிடுங்க.

சோழிங்கநல்லூர் வாசகர்: அப்பாவுக்கு 73. எதுக்கெடுத்தாலும் கோபம், பேரன் சத்தம் போட்டா கையில இருக்கறதை வீசறாரு. முன்ன ரொம்ப சாந்தமான ஆளு. மனநல டாக்டர்னு சொன்னாலே "என்னை கீழ்ப்பாக்கத்துல சேக்கப் பாக்கறியா"ன்னு கத்தறாரு. எப்படி கூட்டிட்டுப் போறது?

பதில்: கீழ்ப்பாக்கம் பேரைச் சொல்லியே ரெண்டு தலைமுறையை பயமுறுத்தி வெச்சிருக்கோம், அவரைச் சொல்லி குத்தம் இல்ல. மனநல டாக்டர்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. "பிபி செக் பண்ணிட்டு வந்துடலாம்பா"ன்னு முதியோர் மருத்துவப் பிரிவுக்கு கூட்டிட்டுப் போங்க, பொய்யும் இல்ல, பிபி பாக்கத்தானே போறோம். சென்னை ஜிஹெச்ல 1978லயே முதியோருக்குன்னு தனி ஓபி ஆரம்பிச்சாங்க, நாட்டுலயே முதல்னு சொல்லுவாங்க. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்துல 2024ல தேசிய முதியோர் நல மையமும் திறந்தாச்சு, உங்களுக்கு அதுதான் பக்கம். அங்க உடம்பு, நடை, ஞாபகம், மனசு எல்லாத்தையும் சேத்தே பாப்பாங்க, தேவைன்னா அங்கிருந்தே மனநலத்துக்கு அனுப்புவாங்க, ஆஸ்பத்திரிக்குள்ளயே இன்னொரு ரூம்னா அவருக்கு பெருசா தெரியாது.

போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதி வைங்க: கோபம் எப்பல இருந்து, எந்த நேரத்துல அதிகம், தூக்கம் எப்படி, குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்குதா, காது கேக்குதா. காது சரியா கேக்காதவங்களுக்கு பேரனோட கூச்சல் வெறும் இரைச்சலாத்தான் போய்ச் சேரும், எரிச்சல் வராம என்ன செய்யும்? அந்தப் பேப்பரை அவர் முன்னாடி வாசிக்காம டாக்டர்கிட்ட தனியா கொடுத்துடுங்க, பிள்ளை தன்னைப் பத்தி புகார் வாசிக்கறதைக் கேட்டா எந்த அப்பனுக்கும் கோபம்தான் வரும். அப்புறம் அவரு இன்னும் ஸ்கூட்டர் ஓட்டறாரா? ஓஎம்ஆர்ல சர்வீஸ் ரோட்டுல ராங் சைடுல வர்ற வண்டியைப் பாத்து சட்டுனு பிரேக் போடற வேகம் நுண்குழாய் சேதம் இருந்தா குறையும், சாவியைப் பிடுங்காதீங்க, டாக்டர் வாயால சொல்ல வைங்க.

தண்டையார்பேட்டை வாசகி: பாட்டி நேத்து வரைக்கும் நல்லா இருந்தாங்க, இன்னிக்கு காலைல இருந்து ஆளையே அடையாளம் தெரியல, இல்லாதவங்ககூட பேசறாங்க. ஏற்கனவே ஸ்கேன்ல வெள்ளைத் திட்டு இருக்கு, அது முத்திடுச்சா?

பதில்: உங்களுக்கு அன்னிக்கே போன்ல சொல்லிட்டோம், ஆனா மத்தவங்களுக்காக இங்கயும் எழுதறேன். வெள்ளைத் திட்டு ஒரே ராத்திரில முத்தாது, அது மாசக்கணக்கு, வருஷக்கணக்கு சமாச்சாரம். மணிக்கணக்குல, ஒரே நாள்ல ஆள் மாறினா வேற ஏதோ நடக்குது: சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, சோடியம் இறங்கினது, சுகர் இறங்கினது, புதுசா கொடுத்த மாத்திரை, வெயில்ல தண்ணி குடிக்காம கிடந்தது. மூளையில ஏற்கனவே சேதம் இருக்கறவங்க சின்ன காய்ச்சலுக்கே குழம்பிப் போவாங்க. பெரும்பாலும் சரி பண்ணக்கூடியது, ஆனா அன்னிக்கே ஆஸ்பத்திரில பாத்தாகணும், தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வெச்சுட்டு நாளைக்குப் பாக்கலாம்னு விடக்கூடாது.

வாய் ஒரு பக்கம் கோணிக்கிட்டாலோ, ஒரு கை தூக்க முடியலன்னாலோ, பேச்சு குழறினாலோ அது ஸ்ட்ரோக், 108க்கு போன் பண்ணுங்க. வாய்ல எதுவும் ஊத்தாதீங்க. ரத்தக்கட்டி கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் உண்டு, அதனால ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள, கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்கன்னு குறிச்சு வெச்சுக்கங்க, எமர்ஜென்சில கேக்கற முதல் கேள்வியே அதுதான்.